மைக் இல்லாமலும் பேசுவேன்

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னாய். பொங்கலுக்கு நீ எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறப் புடவை வேண்டாம், அது கேமராவில் பளிச்சென்று தெரியும் என்றாய். கடையில் உட்காரும்போது கட்டுகிற, கரை வெளுத்துப்போன பச்சைதான் சரி என்றாய். செருப்பும் வேண்டாம் என்றாய். சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாய். நான் உனக்காகக் கல்லில் ஊற்றியிருந்த தோசையைத் திருப்ப மறந்து நின்றேன். அது கருகிய வாசனை வந்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது. அன்றைக்கு அதைக் காட்டவில்லை. உன்னோடு காரில் வந்த அலுவலகத்து ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெற்ற பிள்ளையை வெளி ஆள் முன்னால் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் நீ எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் முன்னால் பேச வந்திருக்கிறாய். அதற்குப் பதிலும் ஊர் முன்னால் வரட்டும். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

உன் அம்மா யார் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை ஓரத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவள். வாழைப்பழம், பிஸ்கட், கடலை மிட்டாய், தண்ணீர் பாக்கெட், வெற்றிலை, பீடி, சிகரெட். ஒற்றை சிகரெட் வாங்குகிறவன் பற்றவைத்துக்கொள்ள, கடை மூலையில் கயிறு ஒன்று எப்போதும் கங்கு பிடித்துத் தொங்கும். காலையில் கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு முன்னால் அந்தக் கயிற்றுக்குத்தான் நெருப்பு வைப்பேன். இனி சிகரெட்டைப் பாக்கெட் பிரித்து விற்கக் கூடாது, புகையிலை விற்கிற கடையில் மிட்டாயும் பிஸ்கட்டும் வைக்கக் கூடாது, தனியாக உரிமம் வாங்க வேண்டும் என்று ஒரு விதி வரப்போகிறதாம். அதைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க வியாழக்கிழமை இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் விதியை எதிர்த்துப் பேச ஆள் சேர்ப்பது உன் வேலை.

சிகரெட் கம்பெனியில் வேலை செய்கிறாய் என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவாய். "கம்பெனி இல்லம்மா, கன்சல்டன்சி." சரி, கன்சல்டன்சிக்குப் பணம் கொடுப்பது யார் என்றால், க்ளையன்ட். க்ளையன்ட் யார் என்றால் சட்னி நன்றாக இருக்கிறது என்பாய். கூட்டத்தில் கம்பெனியின் பெயர் எங்கேயும் இருக்காது. சிறுகடை வாழ்வுரிமைப் பேரவை என்று ஒரு பேனர் இருக்கும். அதன் தலைவரை உன் போனில் காட்டினாய். நாலு குடோன் வைத்து மொத்த விற்பனை செய்கிறவர். வெயிலில் உட்கார்ந்து ஒரு நாள்கூட வெற்றிலை கிழித்திருக்க மாட்டார். அவர் எங்கள் தலைவர். அவரை நாங்கள் எப்போது தேர்ந்தெடுத்தோம் என்று கேட்டேன். "அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா" என்றாய்.

நான் பேச வேண்டியதையும் நீயே சொல்லிக்கொடுத்தாய். கணவனை இழந்தவள், இந்தக் கடைதான் என் சோறு, விதி வந்தால் நடுத்தெருவில் நிற்பேன். அவ்வளவுதான், மீதியை அழுகை பார்த்துக்கொள்ளும் என்றாய்.

"உங்கப்பா எப்டி செத்தாருன்னு கேட்டா?" என்றேன்.

"அத்தெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா."

"கேட்டா இன்னா சொல்லணும்?"

"ஒடம்பு சரியில்லாம போய்ட்டாருன்னு சொல்லு. அது பொய் இல்லியே."

பொய் இல்லை. பேசிப் பேசி நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய். பொய் சொல்லாமலே உண்மையைப் புதைப்பதற்குத்தான் உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. உன் அப்பாவை நாம் ஒருமுறை புதைத்துவிட்டோம். இரண்டாவது முறை என்னை வைத்துப் புதைக்கப் பார்க்கிறாய்.

நீ இதைவிடப் பெரிய கூட்டத்தைப் பார்த்தவன். மறந்திருக்க மாட்டாய். கழிமுகத்தை ஒட்டி ஒரு ஆலையைப் பெரிதாக்குகிறோம் என்று அப்போதும் கருத்துக் கேட்டார்கள். அப்பா உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். நாம் போய்ச் சேர்வதற்குள் வெளியே வேன்கள் வரிசையாக நின்றுவிட்டன. முன் வரிசை நாற்காலிகள் எல்லாவற்றிலும் முகம் தெரியாத ஆட்கள், தலையில் ஒரே நிறத்தில் தொப்பி. மீன் பிடிக்கிறவர்கள், இறால் பொறுக்குகிற பெண்கள், அனல்மின் நிலையச் சாம்பல் பறந்து வந்து விழும் வீடுகளில் இருக்கிறவர்கள் எல்லோரும் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றோம். எண்ணூரில் பிறந்த எவனுக்கும் இந்த வேலை தெரியும். எவன் பேசுகிறான் என்று நாங்கள் பார்ப்பதில்லை, எந்த வண்டியில் வந்தான் என்றுதான் பார்ப்போம். அப்பா நேராக முன் வரிசைக்குப் போய், தொப்பி போட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"இன்னா மாமு, மொகத்துவாரம் எந்தப் பக்கம் கீது, சொல்லு பாக்கலாம்?"

"தெர்லபா. ஏறுன்னாங்க, ஏறிக்கினோம்."

"பிரியாணியா, குஸ்காவா?"

"பிரியாணின்னுதான் சொன்னாங்க."

"வாங்கும்போதே பிரிச்சிப் பாத்துக்க மாமு. பீஸ் இல்லாம குட்த்துட்டு டபாய்ச்சிடுவானுங்க. அப்பறம் கை தட்டனதுதான் மிச்சம்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். வரிசையே சிரித்தது. அப்பாவுக்கு அந்த மனிதர்கள் மீது கோபம் இல்லை. ஒரு நாள் கூலி போகாமல் இருந்தால் சரி என்று வந்தவர்கள். அவருடைய கோபம் ஓரத்தில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்த இஸ்திரி சட்டைக்காரன் மீது. எந்த வரிசை எப்போது கை தட்ட வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான். நம்மைப் போலக் கறுத்த, இந்தப் பக்கத்துப் பேச்சுப் பேசுகிற பையன். அதுதான் அப்பாவைச் சுட்டது. அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "நீ எவ பெத்த புள்ளடா?" என்று அவர் கத்தியது மேடை வரைக்கும் கேட்டது. அவருக்கு லாரி ஹாரனை மிஞ்சுகிற குரல். தோளில் இருந்த நீயும் அவர் முடியைப் பிடித்துக்கொண்டு அதையே கத்தினாய்.

வியாழக்கிழமை அந்த ஓரத்தில் நீ நிற்கப்போகிறாய். அந்தக் கேள்விக்கு இனி நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கம்பெனி நம் கடைக்குள் எப்படி வந்தது என்பதும் உனக்குத் தெரியும். ஒரு சேல்ஸ்மேன் வருவான். அக்கா, அண்ணன் என்று உருகுவான். ஒருநாள் உள்ளே விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, மிட்டாய் பாட்டில்களை நகர்த்திவிட்டு அவற்றுக்கு நடுவில் வைத்தான். இவ்வளவு தாழ்வாக வைத்தால் எவன் பார்ப்பான் என்றேன். "பாக்கறவங்க பாப்பாங்கக்கா" என்று சிரித்தான். அந்தப் பெட்டி சரியாக உன் மூக்கு உயரத்தில் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் நீதான் பழைய பேப்பரை நனைத்து அந்தக் கண்ணாடியைத் துடைப்பாய். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளின் நிறங்களை எண்ணி எனக்குச் சொல்வாய். அதை நான் அழகு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இதை விற்கக் கூடாது என்று ஒரு அதிகாரி வந்து அபராதம் போட்டார். போட்டது நம் கடைக்கு. பெட்டியை வைத்தவனுக்கு யாரும் எதுவும் போடவில்லை. கொஞ்ச நாளில் அதே பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் மெஷின் வந்தது. வட்டச் செயலாளர் ரிப்பன் வெட்டினார். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டு நின்றவன் நம் சேல்ஸ்மேன். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். அதற்குப் பிறகு அந்த அதிகாரி நம் பக்கம் வரவேயில்லை. பிள்ளைகள் ஒரு கையில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள், கண் நம் கடையில் இருந்தது. அரசியல் என்றால் கோட்டையில் நடப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தட்டும் கத்தரிக்கோலுமாக என் கடைக்கு எதிரிலேயே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ பெருமையாகச் சொன்னாயே, அதுவும் அதே தட்டுதான், கொஞ்சம் பெரியது. "ரெண்டு கட்சி ஆளுங்களாண்டயும் பேசியாச்சும்மா. ஒருத்தர் கூடாதும்பாரு. இன்னொருத்தர் இன்னும் ஆய்வு பண்ணணும்பாரு. ரெண்டுமே நமக்கு நல்லதுதான். தள்ளிப் போனாலே ஜெயிச்ச மாதிரி." எதிர்ப்பவனும் உங்கள் ஆள், யோசிக்கலாம் என்பவனும் உங்கள் ஆள். சரி, அந்த 'நமக்கு' யாருக்கு? எனக்கா? தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் என் கடைக்கு வந்து முதல் சிகரெட்டைக் கயிற்றில் பற்றவைக்கிற பையன் எனக்கா ஜெயித்துத் தருகிறான்?

மருத்துவமனையை நீ பாதிதான் பார்த்தாய். கல்லூரிக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னை விரட்டினேன். மீதியைச் சொல்கிறேன். அப்பாவின் புற்று வந்த தொண்டையை அறுத்துக் குரலை எடுத்துவிட்டு ஒரு ஓட்டை வைத்தார்கள். லாரி ஹாரனை மிஞ்சிய மனிதர் தண்ணீர் வேண்டுமென்றால் கை தட்டிக் கூப்பிட்டார். நான் தூங்கிவிட்டால் கட்டில் கம்பியைத் தட்டுவார். பக்கத்துக் கட்டிலில் தாடை வீங்கி ஒருவர் படுத்திருந்தார். முகத்துக்குத் துணி போட்டிருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது. "யக்கா, நீயா?" என்றார் குழறிக்கொண்டே. நம் வரிசையில் நிற்கிற லாரி டிரைவர். இரவெல்லாம் தூங்காமல் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர், நம் கடையில் சிகரெட் வாங்கிப் பிடித்துத்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். "கடைல அந்தக் கயிறு இன்னும் எரிஞ்சிகினு கீதாக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. உன் அப்பா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். விற்றவரும் வாங்கியவரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். சிகரெட்டைச் செய்தவன் அந்த வார்டுக்கு ஆரஞ்சுப் பழம்கூட அனுப்பவில்லை. இதற்குத்தான் நீ ஒடம்பு சரியில்லாம என்று பெயர் வைத்திருக்கிறாய்.

காரியத்தன்று நடந்ததை நீ யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். உன் அலுவலகத்தில் சொல்லவே முடியாது. இலையில் வடை, கோழிக் குழம்பு, மீன் எல்லாம் வைத்தோம். நம் வழக்கப்படி, செத்தவர் ஆசைப்பட்டது எதுவும் படையலில் குறையக் கூடாது. பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். ஒன்றை உருவிப் பற்றவைத்து உன்னிடம் நீட்டினார். மகன் கையால் வைக்க வேண்டுமாம்.

நீ வாங்கவில்லை. "எட்து போடு பெரிப்பா" என்றாய்.

"டேய், அவனுக்குப் புட்ச்சதுடா. வெச்சாத்தான் அவன் வந்து சாப்டுவான்."

"அவரு இன்னாத்த சாப்ட்டாரு? இதான் அவர சாப்ட்டுச்சி."

பாக்கெட்டை எடுத்துத் தெருவில் வீசினாய். அதோடு நிற்கவில்லை. மொட்டைத் தலையோடு, இடுப்பு வேட்டியோடு கடைக்கு ஓடினாய். பூட்டை உடைத்து, அந்த விளக்குப் பெட்டியைக் காலால் எத்தினாய். கண்ணாடி தெருவெல்லாம் சிதறியது. உன் பாதத்தில் ரத்தம். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் இறங்கிப் பார்த்தார்களே தவிர ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைக் கூட்டினேன். அவ்வளவு துக்கத்திலும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. என் பிள்ளைக்கு யார் மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாளே சேல்ஸ்மேன் புதுப் பெட்டியோடு வந்தான். "பரவால்லக்கா, சின்னப் பையன், துக்கம். கம்பெனி ஒன்னியும் கேக்காது" என்றான். அதை வாங்கி வைத்தேன். "நீயே இன்னும் வித்துகினுதானேம்மா கீற? அப்பறம் எனுக்கு இன்னா சொல்ற?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாயே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். ஆமாம், விற்கிறேன். அதை விற்றுத்தான் நீ படித்தாய். பழமும் பிஸ்கட்டும் மட்டும் வைத்து அந்தச் சாலையில் கடை நடத்திப் பார், பத்து நாள் தாங்காது. அதற்காக நான் உன்னிடம் தலைகுனிய மாட்டேன். இந்தக் குற்றத்தை என் மடியில் கட்டப் பார்க்காதே. அதுதான் உன் க்ளையன்ட்டின் பிழைப்பே. அபராதம் வந்தால் முன்னால் நிற்பது பெட்டிக்கடைக்காரி. பாவம் என்றாலும் அவள் தலையில்தான் விழும். விதி வரும்போது இரக்கம் தேட வேண்டுமா, அப்போதும் பெட்டிக்கடைக்காரியைத்தான் பழைய புடவை கட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் வறுமை வேண்டும், எங்கள் பழியும் வேண்டும். நடுவில் லாபத்தை மட்டும் அவர்கள் பத்திரமாக எடுத்துப் போய்விடுவார்கள்.

நீ சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் நீ ஆபத்தானவன். இந்த விதியை எழுதியவன் பெட்டிக்கடைப் பலகையில் ஒருநாள்கூட உட்காராதவன். விதி வந்தால் லத்தியோடு என் கடைக்கு வருவார்கள், மாமூல் ஏறும், மிட்டாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சிகரெட் ஆலை வாசலுக்கு ஒரு கான்ஸ்டபிள்கூடப் போக மாட்டார். அரசாங்கமும் அதில் வரும் வரியை ஒரு கையால் வாங்கிக்கொண்டு இன்னொரு கையால்தான் என்னை மிரட்டுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். இதை எனக்காக நீ பேசியிருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேன். கடைக்காரர்களுக்கு வேறு சரக்கு வைக்க வழி செய், முதல் பூட்டை ஆலைக்குப் போடு என்று நீ கேட்டிருந்தால், செருப்பில்லாமல் கோட்டை வரைக்கும் உன்னோடு நடந்திருப்பேன். நீ அதைக் கேட்கவில்லை. என் பயத்தை எடுத்து அவர்களுக்கு வேலி கட்டுகிறாய்.

இந்த வேலையை விடு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. காரும் கழுத்தில் தொங்கும் அட்டையும் போகும். போகட்டும். வேறு வேலை கிடைக்கும் வரை வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது, உன் பாய் இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது. விட மாட்டேன் என்றால் அதுவும் உன் இஷ்டம், வளர்ந்த பிள்ளை. ஆனால் என்னை உன் வண்டியில் ஏற்ற முடியாது.

வியாழக்கிழமை நான் வருவேன். உன் வேன் வேண்டாம், ஷேர் ஆட்டோவில் வருவேன். உன் ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு, காலில் செருப்பு போட்டுக்கொண்டு. தொப்பியோடு யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து வாங்கு என்று சொல்வேன். நான் ஒரு பெட்டிக்கடைக்காரி, இந்த விதியால் எனக்கு நஷ்டம், இருந்தாலும் கொண்டு வாருங்கள், ஆனால் ஆலை வாசலில் இருந்து தொடங்குங்கள் என்று சொல்வேன். உன் அப்பாவின் பெயரைச் சொல்வேன். எதனால் செத்தார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்வேன். அந்த ஓரத்தில் இஸ்திரி சட்டை போட்டு நிற்பவன் எவ பெத்த பிள்ளை என்றும் சொல்வேன்.

மைக் உன் கையில்தான் இருக்கும் என்றாய். என் முறை வரும்போது கொடுத்தால் கொடு. கொடுக்காவிட்டால் நீயே வைத்துக்கொள். இத்தனை வருஷம் லாரிச் சத்தத்துக்கு நடுவில் கடை நடத்தியவள் நான், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.